சிக்னல் அண்ணன் பேசினால் கரண்ட் ஏறும்

எங்கள் ஊர் மண்ணரையில் சிக்னல் அண்ணன் கைக்குப் போய் முழுசாகத் திரும்பி வந்த பொருள் என்று எதுவும் கிடையாது. மிக்ஸியைக் கொடுத்தால் மிக்ஸியும் ஒரு கைப்பிடி அளவு ஸ்க்ரூவும் தனித்தனியாக வரும். இந்த ஸ்க்ரூ எங்கே போகவேண்டும் என்று கேட்டால், "அது கம்பெனிக்காரன் சும்மா போட்டதுக்கா, அது இல்லாமலே ஓடும்" என்பார். ஓடவும் செய்யும். அதுதான் எங்களுக்கு எரிச்சல்.

அவருடைய நிஜப் பெயர் காம்பவுண்டில் யாருக்கும் தெரியாது. குடிவந்த அன்றைக்கே ஒரு குடைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் ஒற்றைக்காலில் நின்றார். என்னங்க பண்றீங்க என்று கீழேயிருந்து கேட்டதற்கு, "சிக்னல் பிடிக்கேன்" என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு கேஸ் சிலிண்டர் போடுகிறவர்கூட "சிக்னல் ஊடு எதுங்க" என்றுதான் கேட்பார்.

ஊர் திருநெல்வேலிப் பக்கம். நிட்டிங் மெஷின் மெக்கானிக். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணா என்பேன். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீரவில்லை. இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை.

எங்களுடையது லைன் வீடு. வரிசையாக ஏழு வீடு, ஒரு கேட், ஒரு தண்ணீர்க் குழாய், எல்லாருக்கும் சேர்த்து ஒரே கரண்ட் கனெக்‌ஷன். வயரிங் அந்தக் காலத்தது. இரண்டு வீட்டில் ஒரே நேரத்தில் அயன் பாக்ஸ் போட்டால் ஃபியூஸ் போய்விடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை முறைவைத்துப் போடுவதைத் தவிர மற்ற நாளில் அயன் பாக்ஸ் கூடாது என்பது முன்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மாவின் சட்டம். சட்டம் போட்டாரே தவிர, யார் மீறுகிறார்கள் என்று கண்டுபிடிக்க அவருக்கு வழியில்லாமல் இருந்தது.

வெளிநாட்டிலிருந்து வந்த அவர் மகன் அதற்கும் ஒரு வழி கொண்டுவந்தார். மீட்டர் பெட்டிக்குள் போகிற தடித்த வயரின்மேல் துணிக்கு மாட்டுகிற கிளிப் மாதிரி ஒன்றைக் கவ்வவிட்டார். அம்மாவின் டிவி பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தார். இரண்டுக்கும் நடுவில் வயர் கிடையாது. ஆனால் காம்பவுண்டில் யார் எதைப் போட்டாலும் அந்தப் பெட்டியில் நம்பர் ஏறும்.

அன்றிலிருந்து எங்களுக்கு நிம்மதி போயிற்று. யாராவது அயன் பாக்ஸைச் சொருகினால் சூடேறுவதற்குள் வீட்டுக்காரம்மா முற்றத்தில் நிற்பார்.

"ஆருங்க அது, அயன் பாக்ஸ் போட்டது? நம்பர் ஒரே தாவா ஆயரத்துக்கு மேல போயிருச்சுங்க."

எந்த வீடு என்று பெட்டி சொல்லாது, மொத்தம்தான் சொல்லும். அதனால் ஏழு வீட்டையும் சேர்த்தே திட்டுவார். அதிலும் மரியாதை குறையாது. "வெக்கமா இல்லீங்களா உங்களுக்கு" என்று கேட்பார்.

பக்கத்து வீட்டுச் சரசு ஓவர்லாக் டெய்லர். வாயும் அதே வேகம். ஒருநாள் அவள், பெட்டி பொய் சொல்கிறது, நாம் எதையும் போடாதபோதும் அந்த அம்மா வருகிறார் என்று கிளப்பிவிட்டாள். அந்தப் பெட்டியை ஒரு பத்து நிமிடம் கடன் வாங்கிக் கொடுத்தால் பிரித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றார் சிக்னல் அண்ணன். அவரிடம் பிரிக்கக் கொடுக்க வீட்டுக்காரம்மா என்ன பைத்தியமா? உடனே இவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பெட்டியத் தொடவே வேண்டாம்க்கா. அந்தக் கிளிப்பு வயர் இல்லாம எப்படிப் பெட்டிக்குச் சொல்லுது? ரேடியோவுலதானே? காத்துல போறதுதானே? காத்து என்ன அவுக ஊட்டுக் காத்தா?"

அவர் மற்ற எல்லாவற்றையும் திருநெல்வேலித் தமிழில் சொல்லிவிட்டு, 'ஊடு' என்பதை மட்டும் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டரில் டிவி பார்ப்பதற்கென்று விற்கிற ஒரு கட்டைவிரல் அளவுக் கருவியை வாங்கிவந்தார். அது டிவியை மட்டுமல்ல, காற்றில் போகிற பலதையும் பிடிக்குமாம். அதைப் பாதி எழுத்துப் பித்தான்கள் உதிர்ந்துபோன தன் லேப்டாப்பில் சொருகினார். ஏரியலுக்கு நூல் கோன் மாட்டுகிற கம்பி. அந்தக் கிளிப் சில நொடிக்கு ஒருமுறை ஒரு கூச்சல் போட்டுவிட்டு அமைதியாகிவிடுகிறது என்று முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார். கூச்சலில் என்ன சொல்கிறது என்பதுதான் புரியவில்லை. சாப்பிடும்போதும் லேப்டாப், பல் தேய்க்கும்போதும் லேப்டாப். ஒருமுறை குழம்புக் கரண்டியால் அதைத் தட்டியதை நானே பார்த்தேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் முடிந்தால் சொல்லாமலே விட்டிருப்பேன்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் இருக்கிறேன். துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, பட்டை பிசகு கண்டுபிடிக்கிற வேலை. பேசத் தேவையில்லாத வேலை, அதனாலேயே பிடித்த வேலை. காம்பவுண்டில் எனக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். சிரிக்கவே மாட்டேனாம். குழாயில் தண்ணீர் வரும் சாயங்காலங்களில் எல்லாரும் குடத்தோடு உட்கார்ந்திருக்க, சிக்னல் அண்ணன் கம்பெனிக் கதைகள் சொல்வார். சூப்பர்வைசர் தன் சட்டையையே சாம்பிளோடு சேர்த்துத் தைத்துக்கொண்ட கதை, ஃபேப்ரிக் ரோலுக்குள் தூங்கிப்போன வாட்ச்மேனை வேனில் ஏற்றிச் சாயம் போட டையிங்குக்கு அனுப்பிவிட்ட கதை. கடைசி வீட்டில் இருக்கிற வடக்கத்திப் பையன்கள் தமிழ் புரியாமலே முதலில் சிரிப்பார்கள். நான் மட்டும் கதை முடியும்போது எழுந்து வீட்டுக்குள் போய்விடுவேன். கதை பிடிக்கவில்லை என்று நினைத்தார்கள்.

கதை பிடித்ததுதான் பிரச்சினை. எழுத இப்போதும் கை கூசுகிறது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு, தும்மினால், இருமினால், சிரித்தால் எனக்குச் சிறுநீர் கசிந்துவிடும். தும்மலையும் இருமலையும் எப்படியாவது அடக்கலாம். சிக்னல் அண்ணனை அடக்க முடியாது. பாதிக் கதையிலேயே நனைந்துவிடும். உள்ளே ஓடிப் பாவாடையை அலசுவேன். அதைக் கொடியில் போட முடியாது. ஒரே நாளில் மூன்று பாவாடை தொங்கினால் சரசு ஏன் என்று கேட்பாள். கேட்காமல் விட அவளுக்குத் தெரியாது. அதனால் நன்றாகப் பிழிந்து அயன் பாக்ஸ் போட்டுக் காயவைப்பேன்.

டெம்போ ஓட்டுகிற என் வீட்டுக்காரருக்குக்கூட இது தெரியாது. வாரநாளில் அயன் பாக்ஸ் போட்டது யார் என்று வீட்டுக்காரம்மா தேடினாரே, பாதி நாள் அது நான்தான்.

இப்படிப்பட்ட நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டாமா? ஒருநாள் சாயங்காலம் சிக்னல் அண்ணனிடம் வாங்கிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். லேப்டாப்பில் கறுப்பும் வெள்ளையுமாக வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வரி ஒரு கூச்சலாம். நூறு நாள் பார்த்தாலும் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அது பட்டை போட்ட துணியாகத்தான் தெரிந்தது. பட்டைத் துணியைப் பார்த்தால் என் கண் சும்மா இருக்காது. விரல் தானாகப் போனது.

"இந்த இடத்துல மட்டும் பட்டை மாறுதுங்கண்ணா. முன்னாடி எல்லா வரியிலயும் ஒரே ரிப்பீட்டு. கடைசித் துண்டும் இது கூடச் சேந்து மாறுது."

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"முன்னாடி மாறாம நிக்கது அந்தக் கிளிப்போட பேரு. மாறுதது நம்பரு. கடைசி, சரியா வந்துச்சான்னு பாக்கதுக்கு. அக்கா, நீங்க மனுஷியே இல்லக்கா, மெஷினு."

வீட்டுக்கு வந்த பிறகுதான் என் மண்டையில் உறைத்தது. என்னைப் பிடிக்கிற பொறிக்கு நானே எண்ணெய் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு காம்பவுண்டே அவருக்கு லேபரட்டரி ஆனது. எந்தப் பட்டைக்கு எந்த நம்பர் என்று தெரிய வேண்டுமாம். முற்றத்தில் நின்று விசில் ஊதுவார். ஒரு விசிலுக்கு எல்லா வீட்டிலும் விளக்கு எரிய வேண்டும், இரண்டு விசிலுக்கு ஃபேன், மூன்றுக்கு மிக்ஸி. சரசு வீட்டு மிக்ஸியில் போட எதுவுமில்லாமல் வெறும் தண்ணீரை அரைத்தாள். பையன்கள் எல்லா விசிலுக்கும் பாட்டுப்பெட்டியைப் போட்டார்கள். மதியம் வாக்கில் அவர் தன் வாசலிலிருந்து, "நானூத்திப் பன்னெண்டு" என்று கத்தினார். முன்வீட்டில் அப்போதுதான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா வெளியே ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஏனுங்க சிக்னலு, எம்பட பொட்டியில இருக்கறது உங்குளுக்கு எப்புடித் தெரியுமுங்க?"

இவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். தப்பு என்பதே தன் அகராதியில் இல்லை என்று எப்போதும் சொல்கிறவர். அன்றைக்கு அகராதியையே கிழித்துப் போட்டுவிட்ட மாதிரி நடந்தார்.

வீட்டுக்காரம்மா லேசுப்பட்டவர் அல்ல. பயம் தெளிந்ததும், அவ்வளவு கெட்டிக்காரர் என்றால் அயன் பாக்ஸ் போடுவது எந்த வீடு என்று கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று இவர் தலையிலேயே கட்டிவிட்டார். இவரும் பெருமையாக ஒத்துக்கொண்டார். இரண்டு வாரம் லேப்டாப் விடாமல் குறித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது வாரம் குழாயடியில் அறிவித்தார்.

"அயன் பாக்ஸ் ஏத்தம் எப்ப வருதுன்னு பாத்தேன். நான் கதை சொல்லி முடிக்கேன், கொஞ்ச நேரத்துல ஏறுது. நான் ஊருக்குப் போன அன்னைக்கு ஏறல. நான் தொண்டை கட்டிக் கிடந்த அன்னைக்கும் ஏறல. என் பேச்சுக்கு கரண்ட் ஏறுதுக்கா. இது சயின்ஸு."

சரசு சிரித்த சிரிப்பில் அவள் குடம் உருண்டது. "இனிமே கதை சொன்னா கரண்ட் பில்ல நீங்களே கட்டிருங்கண்ணா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து உள்ளே போனேன். கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அயன் பாக்ஸைத் தொடக்கூடப் பயமாக இருந்தது. ஈரப் பாவாடையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

சிரிக்காதவர் வீட்டுக்காரம்மா மட்டும்தான். அடுத்த தண்ணீர் நாளில் முற்றத்தில் சேர் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க கதை சொல்லுங்க சாமி. ஆரு எந்திரிச்சு எந்த ஊட்டுக்குள்ள போறாங்கன்னு நான் பாத்துக்கறேன். ஏழு ஊட்டாளுகளும் இங்கயே உக்காரோணும்."

குழாயடியில் எல்லாரும் இருந்தார்கள். லேப்டாப் ஒரு கவிழ்த்த பக்கெட்டின்மேல் இருந்தது. நான் குடத்தை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டேன். எழுந்து போனால் மாட்டிக்கொள்வேன். உட்கார்ந்திருந்தால் இத்தனை பேர் நடுவில் நனைவேன். இத்தனை வருஷம் பொத்திவைத்தது இந்தச் சிமெண்ட் தரையில் ஓடப்போகிறது, நாளைக்குக் கம்பெனியில், நாளன்றைக்கு மகள் கட்டிக்கொண்டு போன வீட்டில் பேச்சாகப்போகிறது. முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.

சிக்னல் அண்ணன் தன் கதைகளிலேயே பெரிய கதையை எடுத்தார். ஒரு கம்பெனியில் வெள்ளைக்காரர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார். அவர் கேள்வி கேட்டால் பதில் சொல்லப் பயந்துகொண்டு மேனேஜர் ஒரு பெரிய கார்ட்டன் பெட்டிக்குள் ஒளிந்துகொள்கிறார். வெளியே இருக்கிற பேக்கிங் ஆள், விஷயம் தெரியாமல், டேப் போட்டு ஒட்டிவிடுகிறார். ஸ்டிக்கரும் ஒட்டுகிறார். வெள்ளைக்காரர் நூறு பெட்டி அடுக்கில் எதைத் திறப்பது என்று யோசித்து, சரியாக அந்தப் பெட்டியைத் தட்டி, இதைத் திற என்கிறார்.

ஏற்கெனவே பாதிப்பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காலைக் காலோடு பின்னிக்கொண்டேன்.

"கத்திய எடுத்து டேப்பக் கிழிக்காரு. மூடியத் தூக்குதாரு. உள்ள இருந்து மேனேஜர் எந்திரிச்சு, ரெண்டு கையையும் கூப்பி..."

அந்த இடத்தில் அவர் கண் என்மேல் விழுந்தது. முந்தானை, குடம், பின்னிய கால், என் முகம். எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தார், அன்றைக்கு நான் அந்த வரிகளைப் பார்த்த மாதிரி. பிறகு லேப்டாப்பை மூடினார்.

"மறந்துபோச்சு" என்றார்.

ஒரு கதையையும் பாதியில் விடாத மனிதர். பல் பிடுங்கிய அன்றைக்குக்கூடப் பஞ்சை வாயில் வைத்துக்கொண்டு கதை சொன்னவர். என்ன மறந்துபோச்சா என்று சரசு சண்டைக்கே போனாள். வீட்டுக்காரம்மா, கதை கிடக்கட்டும், அயன் பாக்ஸ் யாருங்க என்றார்.

"அது என் சால்டரிங் அயனுதாம்மா. கதை முடிச்சுட்டுப் போயி அதத்தான் போடுவேன். நான்தான் தப்பாக் கணக்குப் பண்ணிட்டேன்."

சால்டரிங் அயன் என்பது ஈயம் உருக்கி வயர் ஒட்டுகிற, பென்சில் அளவுக் கருவி. அயன் பாக்ஸ் இழுக்கிற கரண்ட்டில் அது கடுகளவுகூட இழுக்காது. அது அவருக்குத் தெரியும், எனக்குப் பின்னால்தான் தெரிந்தது, வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாது. அவர் எழுந்து நின்று இவரை ஏழு வீட்டுக்கும் சேர்த்துத் திட்டினார். இவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்கு 'மறதி சிக்னல்' என்று சரசு புதுப்பெயர் வைத்தாள்.

ஏதோ என் அதிர்ஷ்டம், உண்மையிலேயே குழம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அதன்பிறகும் என்றைக்காவது அயன் பாக்ஸைச் சொருகுவேன். முன்வீட்டில் சேர் நகரும் சத்தம் கேட்கும். ஆனால் வீட்டுக்காரம்மா படி இறங்குவதற்குள் சிக்னல் அண்ணன் முற்றத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்.

"நாந்தாம்மா. சால்டரிங்."

அந்த அம்மா திட்டுவார். இவர் தலையைச் சொறிவார். உள்ளே நான் பாவாடையைக் காயவைத்துக்கொண்டிருப்பேன். நான் போடும் நேரத்தில்தான் இவரும் போடுகிறார் என்று நம்பினேன். லேப்டாப் அவரிடம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, வீட்டுக்காரம்மா பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் இவருக்குத் தெரிந்துவிடுகிறது என்பது எனக்கு உறைக்கவேயில்லை.

உறைத்தது பால் பொங்கிய அன்றைக்கு. குழாயடியில் ஏதோ ஒரு கதை. உச்சத்துக்கு வரும் நேரத்தில் சட்டென்று நிறுத்தி, "அக்கா, உங்க ஊட்டு அடுப்புல பால் பொங்குது போல, பாருங்க" என்றார். நான் பதறி ஓடினேன். அடுப்பு அணைந்திருந்தது. பால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. அந்தக் காலிப் பாத்திரத்தைக் கையில் எடுத்தபோது, வெளியே எல்லாரும் ஒரே சத்தமாகச் சிரிப்பது கேட்டது.

நான் நனையவில்லை.

அப்போதுதான் எல்லாம் சேர்ந்து புரிந்தது. அவருக்குத் தெரியும். அந்த வெட்கத்தை எழுத எனக்குப் படிப்பு போதாது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாள் தண்ணீருக்குக்கூட வெளியே போகாமல், தலைவலி என்று வீட்டுக்காரரையே குடம் எடுக்க அனுப்பினேன். சிக்னல் அண்ணனை இனி எந்த முகத்தோடு பார்ப்பது, வீட்டை மாற்றிவிடலாமா என்றெல்லாம் யோசித்தேன்.

இரண்டாம் நாள் என் ஜன்னலுக்கு வெளியே சரசு அவரைப் பிடித்துக்கொண்டாள். உம்மணாமூஞ்சி அக்காவை மட்டும் ஏன் கதை முடியும்போது விரட்டுகிறீர்கள் என்று கேட்டாள். அவர் பதில், வழக்கத்துக்கு மாறாக, மெதுவாக வந்தது.

"எங்கம்மையும் நான் கதை சொன்னா அடுப்படிக்குள்ள போயிருவா. என் கதை அவளுக்குப் புடிக்கலன்னு ரொம்ப நாளு நெனச்சுக்கிட்டு இருந்தேன். புடிக்காம இல்ல."

சரசுவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் குழாயைப் பார்த்து, "தண்ணி நல்லா வருதுக்கா" என்றார். ஆமாங்கண்ணா என்றேன். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

அதற்குப்பிறகு எத்தனையோ சாயங்காலங்களில் என் வீட்டில் பால் பொங்கியது. சில நாள் குழம்பு அடிப்பிடித்தது, சில நாள் போன் அடித்தது. நான் கதையை முக்கால்வாசி கேட்டுவிட்டு, முடிவைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வரும் சிரிப்பாகக் கேட்டேன். பிறகு அவர் ஊரில் சொந்தமாகக் கடை வைக்கிறேன் என்று கிளம்பிவிட்டார். வீட்டைக் காலி செய்தபோது ஒரு சாக்கு நிறைய ஸ்க்ரூ இருந்தது. எல்லாம் எங்கள் வீட்டு ஸ்க்ரூ.

அவர் போன பிறகு எனக்கு ஒரு தைரியம் வந்தது. ஒருவருக்குத் தெரிந்தும் வானம் இடிந்து விழவில்லையே. பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாவிடம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். என்னைப்போல் நிறையப் பேர் வருகிறார்கள், யாரும் சீக்கிரம் வருவதில்லை என்றார். பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மாதக்கணக்கில் விடாமல் செய்தேன். தும்மலில் தேறினேன், இருமலில் தேறினேன்.

மிச்சம் ஒரு பரீட்சை இருந்தது. போன வாரம் சரசுவிடம் நம்பர் வாங்கி, நானாக ஒருவருக்குப் போன் செய்தேன். எனக்கு அது பெரிய காரியம். சுகம் விசாரித்துவிட்டு, அந்த மேனேஜர் பெட்டிக்குள்ளிருந்து எழுந்து கையைக் கூப்பினாரே, அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். கதையைத் தொடங்கும்முன் சிக்னல் அண்ணன் ஒன்று கேட்டார்.

"அக்கா, அடுப்புல பால் இருக்கா?"

"இல்லீங்கண்ணா. நீங்க முழுசாச் சொல்லுங்க."

சொன்னார். மேனேஜர் பெட்டிக்குள் நின்றபடியே, கூப்பிய கையோடு, "சாம்பிள் பீஸ் சார்" என்றாராம்.

நான் சிரித்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அயன் பாக்ஸ் அலமாரிமேல் இருந்த இடத்திலேயே இருந்தது. வாய் ஓயாத சிக்னல் அண்ணன், நான் சிரித்து முடிக்கும்வரை, ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.